சுவாமிமலையும் கற்பனைமலையும்

திருகோணமலையிலே சுவாமிமலையின் உச்சியில் நிற்போர் கண்ணுக்கு முதலிற் படுவது, ஏறத்தாழ 400 அடிக்குக் கீழே பாறையடியை ஓயாது மோதிக்கொண்டிருக்கும் கடல். அப்பாறையின் ஒரு பக்கத்திலே, வாளாற் பிளந்தாற் போன்றதொரு வெடிப்பு உண்டு. ஊரார் அதனை இராவணன் வெட்டு என்பர். நோயுற்ற தாய் இருந்த இடத்திலிருந்தே கோணேசப் பெருமானை வழிபடவேண்டும் என்று விரும்பிய இலங்கை வேந்தன், மலையையே பெயர்த்தெடுக்க முற்பட்டான் என்பதும், அம்முயற்சியிலே அவன் வாள் பாய்ந்த இடமே அவ்வெடிப்பு என்பதும் ஐதிகம். தாய் இறந்தபின் நீர்க்கடன் செய்வதற்காக அவன் உண்டாக்கியவையே கன்னியாவிலுள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பது அக்கதையின் தொடர்ச்சி.

இவ்வைதிகத்தைச் சற்று ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். மக்கள் பாறையிலே ஒரு வெடிப்பைக் கண்டனர். கண்டவுடன் அதற்கேற்ற ஒரு மனத்தைப் படைத்தனர். அந்த மனத்திலே தாயன்பும் இருந்தது. மலையைத் தூக்க முடியும் என்ற செருக்கும் இருந்தது. நிலம் முன்னே, மனம் பின்னே என்ற இம்முறை தமிழருக்குப் புதியதன்று. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்த முறையும் இதுவே. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய தெய்வம், விலங்கு, பறவை, தொழில் முதலியன கருப்பொருள். அவற்றினிடையே நின்று மாந்தர் நெஞ்சு படும் பாடே உரிப்பொருள்.

இருபதாம் நூற்றாண்டிலே விஞ்ஞானப் புனைகதை எழுதியோரும் இம்முறையைக் கையாண்டனர் என்பதற்கு, இலங்கை மண்ணில் விளைந்த ஒரு பெருநாவல் சான்றாகும். அந்நாவலின் ஆசிரியர் ஆதர் சி. கிளார்க். அவரைத் திருகோணமலைக்கு அழைத்து வந்தது கடல்.

கிளார்க் 1917ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் சமர்செற் மாநிலத்திற் பிறந்தவர். பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திலே ஒரு செயற்கைக் கோள் சுற்றுமாயின், அது பூமியோடு ஒத்துச் சுழன்று வானத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். அத்தகைய மூன்று கோள்களைக் கொண்டு உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதியவர் அவர். மனிதன் செய்த எந்தக் கோளும் அப்பொழுது வானிலே சுற்றவில்லை. 1954ஆம் ஆண்டின் இறுதியில், அவுஸ்திரேலியாவின் பவளப்பாறைகளை ஆராயச் செல்லும் வழியிலே அவருடைய கப்பல் கொழும்பிலே தங்கிற்று. அந்தச் சிறு தங்கலே அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றியது. 1956ஆம் ஆண்டில் அவர் இலங்கைக்கு வந்தார். 2008ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் கொழும்பிலே காலமாகும் வரை இந்நாட்டையே தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தார்.

விண்ணை ஆராய்ந்தவருக்குக் கடலின்மீது இத்துணைக் காதல் எவ்வாறு பிறந்தது என்று வினவலாம். நீரின் அடியிலே மனித உடல் தன் பாரத்தை இழந்து மிதக்கின்றது, விண்வெளியிலும் அப்படியே. விண்ணுக்குச் செல்ல வழி பிறவாத அக்காலத்திலே அவ்வனுபவத்தைத் தருவது கடல் ஒன்றே. ஆதலின், தம் நண்பர் மைக் வில்சனுடன் அவர் இலங்கைக் கடல்களிலே மூழ்கத் தொடங்கினார். 1956ஆம் ஆண்டிலே அவர்கள் திருகோணமலைக்கு வந்தபொழுது துறைமுகம் இன்னும் பிரித்தானியக் கடற்படையின் வசமே இருந்தது; அஃது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது 1957ஆம் ஆண்டிலேயாம். சுவாமிமலையின் அடியிலே மூழ்கியவர்கள் அங்கே கண்டது பவளமும் மீனும் மட்டுமன்று. செதுக்கிய கற்றூண்களும் கற்பாளங்களும் பாசி படர்ந்து கடற்றரையிலே சிதறிக் கிடந்தன. 1957ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘தி ரீவ்ஸ் ஒவ் தப்ரபேன்’ என்னும் நூலிலே இக்காட்சியைக் கிளார்க் உலகத்தாருக்கு எடுத்துரைத்தார்.

அக்கற்கள் எங்கிருந்து வந்தன என்பது திருகோணமலையில் யாவரும் அறிந்ததே. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய கோணேசர் கோயில் இம்மலையிலே ஓங்கி நின்றது. 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் ஆட்சிக்காலத்திலே அக்கோயில் இடிக்கப்பட்டது. கோயிற் கற்களில் ஒரு பகுதி கோட்டைச் சுவராயிற்று. ஒரு பகுதி கடலுள் வீழ்ந்தது. அக்கோட்டையைப் பின்னர் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795ஆம் ஆண்டிலே அது பிரித்தானியர் வசமாயிற்று. பிரெட்ரிக் கோட்டை என்ற பெயரை அது பெற்றது அவர்கள் காலத்திலேயே. கிளார்க்கும் வில்சனும் கடலடியிலே கண்டவை, மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக நீருட் கிடந்த ஒரு வழிபாட்டின் எச்சங்கள் எனலாம்.

இவ்வனுபவங்களோடு தொடர்ந்த எழுத்திலே இரு நாவல்கள் இங்கே கருதத்தக்கன. முதலாவது, 1957ஆம் ஆண்டிலே வெளியான ‘தி டீப் ரேஞ்ச்’. விண்வெளியிலே தனியாக மிதக்க நேர்ந்து, அச்சத்தால் மனம் உடைந்த ஒருவன், மீண்டும் விண்ணுக்குச் செல்ல இயலாதவனாய்க் கடலிலே திமிங்கிலம் மேய்க்கும் தொழிலை ஏற்று மனிதனாகின்ற கதை அது. அக்கதையிலே திமிங்கிலங்களைக் கொல்லலாகாது என்று வாதாடி நிற்பவர் இலங்கையின் பௌத்த பெருந்தேரர் ஒருவர். திருகோணமலைக் கடலிலே திமிங்கிலங்களைக் கண்டு பழகிய மீனவருக்கு இக்கற்பனை அந்நியமாகத் தோன்றாது. 1979ஆம் ஆண்டிலே இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் புகலிடமாகச் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழுவினாற் பிரகடனம் செய்யப்பட்டது என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

இரண்டாவது நாவலும் அதே 1979ஆம் ஆண்டிலே வெளிவந்தது. ‘தி பவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்’, அதாவது சுவர்க்கத்தின் நீரூற்றுகள் என்பது அதன் பெயர். விஞ்ஞானப் புனைகதைக்கு வழங்கப்படும் ஹியூகோ, நெபியுலா என்னும் இரு பெரும் பரிசுகளையும் அது பெற்றது. பூமியிலிருந்து விண்ணுக்கு ஒரு கோபுரம் எழுப்புவதே அதன் கதை. உயர்ந்த கட்டடங்களில் ஆட்களை ஏற்றியிறக்கும் மின்தூக்கியைப் போல, இக்கோபுரத்தின் வழியே மனிதர் ஏவுகணையின்றி விண்வெளிக்கு ஏறுவர். இக்கருத்தைச் சோவியத் நாட்டுப் பொறியியலாளர் யூரி அர்த்சுதானோவ் 1960ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். கிளார்க் செய்தது, அக்கணக்கிற்கு ஒரு நிலத்தையும் ஒரு நெஞ்சத்தையும் கொடுத்ததாகும்.

நிலத்தை முதலிற் பார்க்கலாம். நாவலின் களம் தப்ரபேன் என்னும் தீவு. அது பண்டைக் கிரேக்கர் இலங்கைக்கு இட்ட பெயர். திருநெல்வேலியிற் பாயும் ஆற்றின் பெயரோடு உறவுடைய தாம்பிரபர்ணி என்ற சொல்லின் திரிபு. கிளார்க் இலங்கையின் நில அமைப்பிலே மூன்று மாற்றங்களே செய்தார். தீவை ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையின்மீது வைத்தார். 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலையின் உயரத்தை இரட்டித்தார். அம்மலையைச் சிகிரியாவுக்கு அருகே கொண்டு வந்தார். இவையும் வீண் மாற்றங்கள் அல்ல. பூமியோடு ஒத்துச் சுழலும் கோளிலிருந்து தொங்கவேண்டிய கோபுரத்துக்குப் பூமத்திய ரேகையே ஏற்ற இடம். அடித்தளமோ மேகத்துக்கும் காற்றுக்கும் மேலே உயர்ந்த மலையாதல் வேண்டும். பெரிய பொய் ஒன்றைக் கூற விரும்பும் கதைஞன் சிறிய உண்மைகள் அனைத்தையும் காத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியை அவர் நன்கறிந்திருந்தார்.

அந்நிலத்தின் கருப்பொருள்களும் அவ்வாறே அமைந்தன. சிகிரியாக் குன்று யக்ககல என்ற பெயரோடு நாவலில் நிற்கின்றது. அதன் சுவரோவியங்களும், நிலத்தின் சரிவு தரும் அழுத்தத்தால் மட்டும் நீரைப் பீறிட்டெழச் செய்யும் பூங்காவின் ஊற்றுகளும் அப்படியே உள்ளன. மலையுச்சியிலே துறவிகளின் மடம் உண்டு. மழையையும் காற்றையும் ஆளும் பருவக்காற்றுக் கட்டுப்பாட்டு நிலையம் ஒன்றும் உண்டு. அது வருங்காலத்தின் கருப்பொருள். பழையதும் புதியதும் ஒரே மண்ணில் முளைத்தவை போல நிற்பதனால், படிப்போர் கோபுரத்தையும் நம்பத் தலைப்படுகின்றனர்.

இனி உரிப்பொருள். கிளார்க் இரு மனிதரை இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியிலே எதிரெதிரே நிறுத்துகின்றார். முன்னவன் காளிதாசன் என்னும் மன்னன். இலங்கை வரலாறு கூறும் காசியப்பனே அவனுக்கு மூலம். காசியப்பன் 477 முதல் 495 வரை ஆண்டவன். தந்தை தாதுசேனனைச் சிறையிட்டுச் செல்வம் எங்கே என்று கேட்டபொழுது, தந்தை தான் கட்டிய காலவாவிக்குச் சென்று, நீரைக் கையால் அள்ளி இதுவே என் செல்வம் என்று காட்டினான் என்பதும், பின்னர் உயிரோடு சுவரில் வைத்து அடைக்கப்பட்டான் என்பதும் சூளவம்சம் கூறும் செய்தி. தம்பி முகலன் படையோடு திரும்புவான் என்ற அச்சத்தால் காசியப்பன் சிகிரியாக் குன்றின்மேல் அரண்மனை அமைத்தான். பதினெட்டு ஆண்டுகளின் பின் தம்பி வந்தான். போரிலே சேற்று நிலத்தைக் கண்டு அரசன் யானை திரும்பியது, படை சிதறியது, அரசன் தன் கையாலேயே மாண்டான்.

இவ்வரலாற்றிலே அச்சமும் அழகும் ஒரே மனத்திற் குடியிருக்கின்றன. தந்தையைக் கொன்றவன் உறங்க முடியாமற் குன்றேறினான், குன்றேறியவன் ஓவியம் தீட்டுவித்தான், நீரூற்று அமைத்தான். கட்டியவன் பாவத்தைக் கட்டடம் கழுவுமா? கிளார்க் இவ்வினாவை எழுப்பி, விடையை இருபத்திரண்டாம் நூற்றாண்டிலே தேடுகின்றார்.

அந்நூற்றாண்டின் மனிதன் வனேவர் மோர்கன். ஐரோப்பாவையும் ஆபிரிக்காவையும் இணைக்கும் பாலத்தை ஜிப்ரோல்டரிலே கட்டி முடித்த பொறியியலாளன். அவன் யாரையும் கொன்றவன் அல்லன். ஆயினும் தன் பெயர் நிலைக்கவேண்டும் என்ற வேட்கை அவனை ஓயவிடவில்லை. அன்பும் குடும்பமும் அவன் வாழ்வில் இடம்பெறவில்லை. மனிதரைவிட இயந்திரங்களே கிளார்க்கின் எழுத்தில் உயிர்பெறும் என்ற குறையைத் திறனாய்வாளர் கூறுவதுண்டு. மோர்கனைப் பொறுத்தவரை அக்குறையே பாத்திரத்தின் குணமாகிவிட்டது. ஆனால் முடிவிலே அவன் மாறுகின்றான். முற்றுப்பெறாத கோபுரத்திலே, 600 கிலோமீற்றர் உயரத்திலே சிலர் மூச்சுக்காற்றின்றிச் சிக்கிக்கொள்ள, நோயுற்ற இதயத்தோடு அவனே ஏறிச்சென்று உதவுகின்றான்; இறங்கும் வழியிலே உயிர் துறக்கின்றான். புகழுக்காகக் கட்டத் தொடங்கியவன் பிறர் உயிருக்காக இறக்கின்றான் என்பதே கிளார்க் தரும் விடை.

இவ்விரு மனிதருக்கும் இடையே நிற்பது மலை. அம்மலையைத் துறவிகள் விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கிலும் பொறியியலாளன் வெல்லவில்லை. அந்நிலையிலே கதையைத் திருப்புவது ஒரு பழைய வாக்கு. காளிதாசனின் போர்வீரர் பொன்வண்ணப் பட்டாம்பூச்சிகளாகப் பிறந்து ஆண்டுதோறும் மலையுச்சியை அடைய முயல்கின்றனர். என்றேனும் அவை உச்சியை அடைந்தால், துறவிகள் மலையை விட்டு நீங்கவேண்டும். கோபுர வேலையைக் குலைக்க எண்ணி எழுப்பப்பட்ட ஒரு புயற்காற்றே, எதிர்பாராத வகையில், அப்பட்டாம்பூச்சிகளை உச்சியிலே கொண்டு சேர்க்கின்றது. பெருந்தேரர் வாக்கை மதித்து மடத்தைக் காலி செய்கின்றார். மலை மோர்கனுக்குக் கிடைக்கின்றது. குருதி சிந்தவில்லை; குண்டு முழங்கவில்லை.

கற்பனை என்ற அளவிலே இஃது அழகிய கட்டம். ஆயினும் சுவாமிமலையை அறிந்தவர் இவ்விடத்திலே நின்று சிந்திக்காமல் இருக்க முடியாது. திருகோணமலையிலும் ஒரு வாக்கு உண்டு. பிரெட்ரிக் கோட்டையின் வாயிலிலே, மீன் சின்னங்களோடு சிதைந்த தமிழ்ச் சாசனமொன்று காணப்படுகின்றது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பிற்காலத்திலே பரங்கியர் பிரிப்பர் என்று அச்சாசனம் முன்னறிவிப்பதாக வழிவழி வாசித்து வருகின்றனர். இரண்டு மலைகள்; இரண்டு முன்னறிவிப்புகள். ஆயின் வேற்றுமை பெரிது. நாவலிலே வாக்கு முன்னே வருகின்றது. அதற்கு அடங்கி மலைக்குரியோர் தாமே நீங்குகின்றனர். திருகோணமலையிலோ மலைக்குரியோர் நீங்கவில்லை, நீக்கப்பட்டனர். அதன்பின் அவர்களுக்கு எஞ்சியது, இது முன்னமே விதிக்கப்பட்டது என்று சொல்லி ஆறுதல் அடையும் உரிமை ஒன்றே. வென்றவனுக்கு முன்னறிவிப்பு அனுமதிச் சீட்டு. இழந்தவனுக்கு அது கண்ணீரைத் துடைக்கும் துணி.

வாக்கோடு மட்டும் மக்கள் அமைந்துவிடவுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, கோயில் இல்லாத அப்பாறையின் விளிம்பிலே நின்று பூசகர் கடலை நோக்கி வழிபாடு செய்ததை, எமர்சன் தெனன்ற் 1859ஆம் ஆண்டிலே வெளியான தமது நூலிற் குறித்துள்ளார். கூரையில்லை, சுவரில்லை, மூர்த்தியில்லை. பாறையும் கடலும் நினைவும் மட்டுமே இருந்தன. 1950ஆம் ஆண்டிலே கிணறு தோண்டிய இடத்திலே பழைய வெண்கலத் திருவுருவங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 1963ஆம் ஆண்டிலே புதுக்கிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. இன்றும் அடியார் கோட்டை வாயிலைக் கடந்தே கோயிலுக்குச் செல்கின்றனர். இடித்துக் கட்டிய சுவரினூடாகவே வழிபாட்டுக்கு வழி.

நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த முன்னோர், கடற்கரையில் வாழ்வோரின் நெஞ்சை அறிந்தே அவ்வாறு செய்தனர் போலும். கிளார்க்கின் பெருநாவல் மலையின் காப்பியம். ஏறுதல், எட்டுதல், வெல்லுதல் என்பனவே அதன் உணர்வுகள். அம்மலையை இழந்தவரின் இரக்கம் அதில் மெல்லிய குரலாகவே கேட்கின்றது. அக்குரலை முழுமையாகக் கேட்க விரும்புவோர் சிகிரியாவிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர் வடகிழக்கே பயணம் செய்து, கிளார்க் மூழ்கிய அக்கடலின் கரைக்கு வரவேண்டும்.

இதனாலே நாவலின் பெருமை குறைந்துவிடாது. கடலடியிலே சிதறிய தூண்களைக் கண்ணாரக் கண்ட ஒருவர், இருபது ஆண்டுகளுக்குப் பின் விண்ணளாவும் தூணொன்றைக் கற்பனை செய்தார் என்பது நினைக்கத்தக்க செய்தி. கதையின் இறுதியிலே பூமி பனியால் உறைகின்றது. மனிதர் வேற்றுக் கோள்களுக்குக் குடிபெயர்கின்றனர். கோபுரம் மட்டும் நிற்கின்றது. கட்டியவரைக் கட்டடம் கடந்து வாழும் என்பது அவர் கண்ட முடிவு. கட்டடத்தைக் கடந்து நினைவு வாழும் என்பது சுவாமிமலை காட்டும் முடிவு.

திருகோணமலைப் பாடசாலைகளிலே இன்று அமர்ந்திருக்கும் மாணவரில் ஒருவர் நாளை ஒரு கற்பனையுலகைப் படைக்க முனையலாம். நிலம் அவர் முன்னே உள்ளது. துறைமுகமும் பாறையும் வெந்நீரூற்றும் திமிங்கிலம் உலவும் ஆழ்கடலும் உள்ளன. விண்ணுக்கு ஏறுபவனின் நெஞ்சை எழுதியாயிற்று. மலையுச்சியிலே கோயிலில்லாத காலத்திலும் விளிம்பில் நின்று கடலுக்கு மலர் தூவியவனின் நெஞ்சு எழுதப்படுவதற்காகக் காத்திருக்கின்றது.